சுருக்குப் பைக்குள் அடங்கிய துப்பாக்கி

பெரிய துப்பாக்கிதான் வேண்டும் என்று கேட்கிறவர் யாராக இருந்தாலும், அவருக்கு வேண்டியது காவல் இல்லை, காட்சி. இதை நான் யார் முகத்துக்கு நேராகவும் சொல்வேன். சொல்லியும் இருக்கிறேன். போன மாதம், வேங்கிக்காலில் புது வீடு கட்டியிருக்கும் கிரானைட் வியாபாரி ஒருவர் என்னைத் தேடி வந்தார். லைசென்ஸ் கிடைத்துவிட்டதாம், எது வாங்கலாம் என்று யோசனை கேட்டார். செல்போனில் ஒரு படத்தையும் காட்டினார். அந்தத் துப்பாக்கி என் முழங்கை நீளம் இருக்கும்.

"இத எங்க வெச்சிக்குவீங்க?" என்றேன்.

"கார் டேஷ்போர்டுல."

"அப்போ காருக்குத்தான் பாதுகாப்பு. உங்களுக்கு இல்ல."

கொடுத்த காபியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார். இதை எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்தில் சொன்னபோது, இப்போது கன்மேன் வேலை பார்க்கும் நாலைந்து பேர், "மிலிட்டரி, இத அப்படியே எழுதிக் குடு, நம்ம மலர்ல போடலாம்" என்றார்கள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழையை அச்சடிப்பவர் பார்த்துக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இருக்காது. சின்னத் துப்பாக்கியைப் பற்றிப் பேச இந்த ஜில்லாவில் என்னைவிடத் தகுதி உள்ளவன் இருந்தால் வரட்டும், நானே எழுந்து நாற்காலி தருகிறேன்.

என் ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவன், ஒரு நாள் வேலூருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு ஓடிப்போய் வரிசையில் நின்றேன். பதினேழு வருஷம் பட்டாளம். பனியும் பார்த்தேன், மணலும் பார்த்தேன். அதில் பெரும் பகுதி ஆயுதக் கிடங்கில் போயிற்று. அங்கே இருந்த ஹவில்தார் ஒருவர் எனக்குக் கற்றுக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான், அது போதும். ஆயுதம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்போது கொடுப்பவனும் திறந்து பார்க்க வேண்டும், வாங்குபவனும் பார்க்க வேண்டும். பார்த்தால் மட்டும் போதாது. இரண்டு பேரும் வாயைத் திறந்து "காலி" என்று சொல்ல வேண்டும். ஒருவன் சொல்லி இன்னொருவன் சும்மா இருந்தால் ஆயுதம் கை மாறாது. ஒரு முறை நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டேன். அன்று சாயந்திரம் வரைக்கும் என்னை அங்கேயே நிற்க வைத்துவிட்டார்.

பென்ஷனோடு ஊருக்கு வந்ததும் ஒரு அரிசி ஆலையில் கன்மேன் வேலை கிடைத்தது. என் பெயரில் லைசென்ஸ் எடுத்த இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. ஆலை முதலாளி நல்ல மனுஷன், இரண்டு வருஷத்தில் நெஞ்சுவலியில் போய்விட்டார். பிள்ளை வெளியூரில் படித்துக்கொண்டிருந்தான். ஆலையை அவர் மனைவி சுலோசனா அம்மா எடுத்து நடத்த ஆரம்பித்தார். பொம்பளை எத்தனை நாள் நடத்துவாள் என்று பஜாரில் பேசிக்கொண்டார்கள். இருபத்திரண்டு வருஷம் நடத்தினார்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல முடியாது. ஒல்லியான உடம்பு, சின்னக் கை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. மூட்டைக்குள் கையை விட்டு நாலு நெல் எடுத்து, ஒன்றைப் பல்லில் வைத்துக் கடிப்பார். 'டக்' என்று சத்தம் வந்தால் தலையை ஆட்டுவார். வராவிட்டால், "இன்னும் ரெண்டு நாள் காய வைங்க" என்பார். வியாபாரி எவ்வளவு பேசினாலும் அதே வார்த்தையை அதே குரலில் திரும்பச் சொல்வார். மூன்றாவது முறை சொல்ல வேண்டி வந்ததை நான் பார்த்ததில்லை.

பிரச்சினை வெளியிலிருந்து வரவில்லை. முதலாளியின் தம்பி தணிகாசலம், ஆலை தனக்கு வர வேண்டியது என்று நினைத்தவர். முதலில் பேச்சாக இருந்தது. பிறகு ஒரு நாள் நடு ரோட்டில் அம்மாவின் காரை நிறுத்தி, கடப்பாரையால் கண்ணாடியை உடைத்துவிட்டார். அம்மா உள்ளே உட்கார்ந்திருந்தார். புடவை முழுக்கக் கண்ணாடித் தூள். அன்றைக்கு என் இரட்டைக் குழல் எங்கே இருந்தது தெரியுமா? டிக்கியில். ஆள் உயரத் துப்பாக்கியைச் சீட்டில் வைத்துக்கொண்டா உட்கார முடியும்? நான் இறங்கி டிக்கியைத் திறப்பதற்குள் அவர் போய்விட்டார். பெரிய ஆயுதத்தின் மேல் எனக்கு இருந்த மரியாதை அந்த டிக்கியோடு முடிந்தது.

அம்மாவுக்கு லைசென்ஸ் கேட்டு மனுப் போட்டோம். ஸ்டேஷன் அறிக்கை, தாசில்தார் அறிக்கை, எல்லாம் முடிந்து வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே இருந்த அதிகாரி அம்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கு சுடத் தெரியுமா மா?"

"நெல்லு காய்ஞ்சுதா இல்லையான்னு கூட எனக்கு முன்ன தெரியாது சார். கத்துக்கினேன்."

அதிகாரி சிரித்துவிட்டார். லைசென்ஸ் வந்தது. அம்மாவின் ஆயுதத்தைத் தேவைப்படும்போது நான் வைத்திருக்கலாம் என்று என் பெயரையும் அதில் சேர்த்துக் கொடுத்தார்கள்.

முதலாளியின் பழைய ரிவால்வர் ஒன்று இருந்தது, அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அம்மா அதைத் தூக்கிப் பார்த்தார். குழல் தானாகக் கீழே இறங்கியது. விசையை இழுக்க ஒரு விரல் போதவில்லை. மேஜை மேல் வைத்துவிட்டு, "இது அவரு கைக்கு வாங்கினது. என் கைக்கு ஒண்ணு பாருங்க" என்றார்.

மெட்ராஸில் துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் பெரிய பிஸ்டல்களாக எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார். ஓரத்தில் ஒன்று கிடந்தது. சின்னது, தட்டையானது, எட்டு ரவை பிடிக்கும். "அது சும்மா பொம்ம மாதிரி சார், இதப் பாருங்க" என்றார் கடைக்காரர். நான் அந்தப் பொம்மையைத்தான் எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதை உள்ளங்கையில் வைத்து, முந்தானையை மேலே போட்டார்.

"தெரியுதா, ஏழுமலைண்ணா?"

"தெரியல மா."

"இதையே போடச் சொல்லுங்க."

அதை எங்கே வைப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. இங்கிலீஷ் படத்தில் வருவது போல அக்குளில் மாட்ட, புடவை கட்டிய அம்மாவால் முடியுமா? கைப்பை என்றால் எங்கேயாவது வைத்துவிட்டு வரலாம், எவனாவது பிடுங்கிக்கொண்டு ஓடலாம். இந்தப் பக்கத்துப் பெண்கள் இடுப்பில் சுருக்குப் பை செருகியிருப்பார்கள், வெற்றிலையும் சில்லறையும் போட்டுக்கொள்ள. அதே அளவில் தோலில் ஒன்று தைத்தால் என்ன என்று எனக்குத்தான் தோன்றியது. பஸ் ஸ்டாண்டு ஓரம் செருப்புத் தைக்கும் கபாலியிடம் அளவு சொன்னேன்.

"இதுல இன்னாத்த வைக்கப் போற மிலிட்டரி?"

"வெத்தல பாக்கு."

"எருமத் தோல்ல வெத்தலையா? உன் வெத்தல ஓடிப்போயிடுமா?"

தைத்துக் கொடுத்தான். அந்தப் பை அம்மாவின் இடுப்பில் ஏறிய நாளிலிருந்து ஆலையில் வேலை செய்தவர்களுக்கே அது என்னவென்று தெரியாது. சாவிக் கொத்து என்று நினைத்துக்கொண்டார்கள். அம்மா மாதா மாதம் பௌர்ணமியன்று விடியற்காலையில் கிரிவலம் போவார். பதினாலு கிலோமீட்டர், வெறுங்காலில். அடி அண்ணாமலை தாண்டும்போது எனக்கே கால் கடுக்கும். ரிவால்வராக இருந்தால் அந்தக் கனத்தை அவர் முதல் மாதமே கழற்றி என்னிடம் கொடுத்திருப்பார். இது இடுப்பில் இருப்பதே மறந்துபோகிற கனம். சின்னத் துப்பாக்கியின் பெரிய குணமே அதுதான். அது ஆளோடு இருக்கும். பீரோவில் இருக்கும் பீரங்கியைவிட இடுப்பில் இருக்கும் எட்டு ரவை மேல்.

குறை இல்லையா என்றால், உண்டு. சின்னது கையில் ஜாஸ்தி உதைக்கும். தூரத்துக்குக் குறி கம்மி. ரைஃபிள் கிளப்புக்கு அம்மாவை அழைத்துப்போய் மூன்று மாதம் பழக்கினேன். முதல் நாள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. கடைசி மாதம், பத்தடியில் வைத்த தேங்காய் அளவு வட்டத்துக்குள் எட்டும் போயிற்று. தன் உயிரைக் காத்துக்கொள்கிறவருக்குப் பத்தடிக்கு மேல் என்ன வேலை? அதைத் தாண்டி நிற்பவனைப் பார்த்தால் ஓடத்தான் வேண்டும்.

நான் வைத்த முறை இது. ரவை அடுக்கிய மேகசின் உள்ளே இருக்கும், ஆனால் குழலில் ரவை ஏறியிருக்காது. சுட வேண்டும் என்றால் மேல் மூடியை ஒரு தடவை இழுத்துவிட வேண்டும். பெரிய கோயிலுக்குள் ஆயுதம் கொண்டுபோகக் கூடாது. அதனால் தேரடித் தெருவில் காரை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்தபடியே அம்மா மேகசினைக் கழற்றுவார், மூடியை இழுத்துப் பார்ப்பார், "காலி" என்பார். நான் வாங்கிப் பார்த்து "காலி" என்பேன். திரும்பி வந்ததும் நான் முதலில் சொல்ல, அவர் சொல்வார். மேகசினைப் போட்டால் அதையும் இன்னொருவரிடம் சொல்ல வேண்டும், கழற்றினால் அதையும் சொல்ல வேண்டும்.

தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அங்கேயும் எங்களுக்கு இதே சடங்குதான். அங்கிருந்த ரைட்டர் ஒரு குறும்புக்காரர்.

"ஏன்யா மிலிட்டரி, ஒருத்தர் சொன்னா பத்தாதா? ரெண்டு பேரும் டூயட் பாடறீங்க."

"ஒருத்தர் சொன்னா தப்பா இருக்கலாம் சார்."

"ரெண்டு பேரும் தப்பா சொன்னா?"

"அப்போ ரெண்டு பேருக்கும் வேலை போகட்டும்" என்றேன். அப்படிப் பேசியவன் நான். இனிமேல் எழுதப் போவதைப் படிக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

அம்மா பொறுப்பெடுத்த நாலாவது வருஷம், ஆயுத பூஜை. கண்ணாடி உடைத்த வழக்கு நடந்துகொண்டிருந்தது. தணிகாசலம் வாய்தாவுக்கு வருவார், எங்களை முறைத்துவிட்டுப் போவார். ஆலையில் பூஜை என்றால் எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. ஸ்பேனர், கோணி ஊசி, தராசு எல்லாம் ஆபீஸ் அறையில் பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் ஏறும். பூஜையில் வைத்த சாமானை மறுநாள் காலை வரைக்கும் யாரும் தொடக் கூடாது. முதலாளி காலத்திலிருந்தே அதில் ரொம்பக் கண்டிப்பு. ஒரு வருஷம் லாரி பஞ்சரானபோது, ஜாக்கி பூஜையில் இருக்கிறது என்று லாரியை அப்படியே மறுநாள் வரைக்கும் விட்டு வைத்தாராம்.

அந்த வருஷம் அம்மா, "நம்ம உயிரைக் காக்கறது, அதையும் வைக்கணும்" என்றார். பிஸ்டலை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தார். என் இரட்டைக் குழலும் மாலை போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தது. அதன் தோட்டா பீரோவில் பூட்டியிருந்தது. அய்யர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். நிறைத்த மேகசினோடு ஆயுதத்தை அத்தனை பேர் கை படும் இடத்தில் வைப்பது சரியில்லை என்று எனக்குப் பட்டது. அது சரியான நினைப்புதான். அம்மா வாசலில் ஆட்களுக்குப் புது வேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். நான் மேகசினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அம்மாவைக் கூப்பிட்டு மூடியை இழுத்துக் காட்டிச் சொல்ல வேண்டும். திரும்பினேன்.

"மாலைய எடுங்கோ, விளக்க ஏத்துங்கோ, ராகு காலம் ஆரம்பிச்சுடும்" என்றார் அய்யர்.

நான் மாலையை எடுத்தேன். சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

தீபாராதனை முடிந்தது. பூசணிக்காய் உடைக்க எல்லாரும் கேட்டுக்குப் போய்விட்டார்கள். ஆபீஸ் அறையில் அம்மா, அய்யர், நான் மூன்று பேர்தான். அம்மா தாம்பாளத்துக்குப் பின்னால் நின்று பொரியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். பின்பக்கம் தவிட்டு அறை வழியாகத் தணிகாசலம் உள்ளே வந்தார். கையில் அரிவாள். அம்மாவுக்கும் அவருக்கும் இடையில் எட்டடி, நடுவில் தாம்பாளம். நான் வாசல்படி ஓரம், இன்னும் தள்ளி நின்றேன்.

"அண்ணி, இன்னிக்கு எனக்கு ஒரு முடிவு தெரியணும்."

அம்மாவின் வலது கை தாம்பாளத்துக்குள் போனதை நான் பார்த்தேன். சாமந்தி மாலைக்கு அடியில் போய் நின்றது. அங்கே என்ன இருக்கிறது என்று தணிகாசலத்துக்குத் தெரியாது. சின்னது இல்லையா, இரண்டு சரம் பூவில் மறைந்து கிடந்தது. அதில் என்ன இல்லை என்று அம்மாவுக்குத் தெரியாது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். மேகசின் என் சட்டைப் பையில் கனத்துக்கொண்டிருந்தது. நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். தணிகாசலத்தின் கை உயர்ந்தது. அம்மா என்னைப் பார்த்தார், நகராதே என்று. வாயைத் திறந்து 'அது காலி' என்று சொல்லவா முடியும்? நான் நின்றேன்.

அம்மா நெல் வியாபாரியிடம் பேசும் அதே குரலில் பேசினார்.

"தணிகாசலம், அருவால்ல சந்தனம் இன்னும் காயல."

அவர் குனிந்து பார்த்தார். உண்மைதான். அரிவாள் முதுகில் மூன்று இடத்தில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

"உங்க வீட்டு பூஜையில இருந்து எடுத்துக்கினு வந்தியா?"

"ஆமா. இப்ப அதுக்கு இன்னா?"

"நாளைக்கு காலைலதான எடுக்கணும். உங்க அண்ணன் இருந்தா, இன்னிக்கு ஒரு ஸ்பேனரத் தொட விடுவாரா?"

"அண்ணன் பேர எடுக்காத."

"எடுக்கல. நீ நாளைக்கு எட்டு மணிக்கு வா. வக்கீல் வேணாம், போலீஸ் வேணாம், நானும் நீயும் பேசலாம். இப்ப அத தட்டுல வை."

தணிகாசலம் அசையவில்லை. கேட்டில் பூசணிக்காய் உடையும் சத்தம் கேட்டது. அம்மா இன்னொரு முறை, அதே வார்த்தையை, அதே அளவு குரலில் சொன்னார்.

"தட்டுல வை."

சுவரோடு ஒட்டிப்போயிருந்த அய்யர், "வைங்கோ, வைங்கோ, தோஷம்" என்றார். அவருக்குத்தான் எங்கிருந்து தைரியம் வந்ததோ. தணிகாசலம் முன்னால் வந்து அரிவாளைத் தாம்பாளத்தில் வைத்தார், அம்மாவின் கைக்குப் பக்கத்திலேயே. அம்மா இடது கையால் ஒரு பொரிப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்த வழியே போனார். மறுநாள் எட்டு மணிக்கு வந்தார். பேசினார்கள், சண்டை போட்டார்கள், மறுபடி பேசினார்கள். ஆறு மாதத்தில் பாகப் பிரிவினை முடிந்தது.

ஆனால் எனக்கு அந்த மத்தியானம் முடியவில்லை. அய்யர் போனதும் அம்மா மாலையை விலக்கிப் பிஸ்டலை எடுத்தார். தூக்கியதுமே கை நின்றுவிட்டது. கனம் குறைந்திருந்தது. அடியைத் திருப்பினார். மேகசின் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. நான் பழக்கிய முறை தவறாமல், மூலையில் இருந்த மணல் வாளியைப் பார்த்துத் திருப்பி, மூடியை இழுத்தார். சந்தனம் ஏறியிருந்ததால் அது கரகரவென்று போயிற்று. உள்ளே பார்த்தார்.

"காலி" என்றார்.

அம்மா பிஸ்டலைக் கீழே வைக்கவில்லை. காத்துக்கொண்டு நின்றார்.

"காலி" என்றேன்.

மேகசினை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"எப்ப எடுத்தீங்க?"

"பூஜைக்கு முன்ன மா."

"சொல்லலியே."

"சொல்லல மா."

"தெரிஞ்சிருந்தா நான் நின்னிருக்க மாட்டேன். ஓடியிருப்பேன்" என்றார். மேகசினைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டடி வந்திருந்தா எடுத்து இழுத்திருப்பேன்" என்றார்.

இதைக் கேள்விப்பட்ட சிலர், நீ சொல்லாமல் விட்டதுதான் அவரைக் காப்பாற்றியது, ஓடியிருந்தால் முதுகில் வெட்டு விழுந்திருக்கும் என்று என்னைத் தேற்றுவார்கள். எனக்கு அந்தச் சமாதானம் வேண்டாம். தணிகாசலம் அந்த இரண்டடியை எடுத்து வைத்திருந்தால், நான் வாங்கிக் கொடுத்த துப்பாக்கியால், நான் பழக்கிய கையால், என்னை நம்பி அந்த அம்மா ஒன்றுமில்லாததைத் தூக்கிக் காட்டியிருப்பார். துப்பாக்கி தன் வேலையைச் சரியாகச் செய்தது. அது சின்னதாக இருந்தது, மறைந்து இருந்தது, கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. தவறியது நான்.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று அன்றே சொன்னேன். அம்மா பொரிப் பொட்டலத்தைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். "நாளைக்கு பூஜை எடுத்ததும் அந்த சந்தனத்த நீங்களே சுத்தம் பண்ணுங்க. நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்" என்றார். மறுநாள் பழைய பல் துலக்கும் பிரஷும் எண்ணெயும் வைத்து இரண்டு மணி நேரம் துடைத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அடுத்த வருஷத்திலிருந்து கபாலி தைத்த தோல் பை மட்டும் தாம்பாளத்தில் ஏறும், சந்தனத்தை அது வாங்கிக்கொள்ளும். பிஸ்டல் அன்று வேறொரு துணிப் பையில் அம்மாவின் இடுப்பில் இருக்கும். அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் அவரிடம் வேலை பார்த்தேன். ஒரு தடவைகூட அந்த வார்த்தையை விட்டதில்லை.

போன தை மாதம் பிள்ளை ஆலையை முழுசாக எடுத்துக்கொண்டான். அம்மா, "இனிமே எனக்கு இது எதுக்கு" என்று லைசென்ஸை ரத்து செய்ய எழுதிக் கொடுத்தார். ஆயுதத்தை ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போனோம். நான் ஓய்வு பெற்றவன், லைசென்ஸில் என் பெயரும் எடுத்தாயிற்று. துணைக்குத்தான் போனேன், வாசலிலேயே நின்றுகொண்டேன். ரைட்டர் புது ஆள், ரிஜிஸ்டரைத் திறந்து வைத்திருந்தார். அம்மா மேகசினைக் கழற்றி மேஜையில் வைத்தார். சுவர்ப்பக்கம் திருப்பி மூடியை இழுத்தார்.

"காலி."

"சரி மா, வைங்க" என்றார் ரைட்டர்.

அம்மா வைக்கவில்லை. ரைட்டர் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் வாசலிலிருந்து உள்ளே போய், குனிந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தேன்.

"காலி" என்றேன்.

அப்புறம்தான் கீழே வைத்தார்.